ஒரு நாடகமும் இரு நாடுகளும்

நச்சு நீர்! நலந்தரும் நீர் என்று விளம்பரஞ் செய்து, நாடெங்குமிருந்து நோயாளிகளை வரவழைத்து, நயமாக விற்கப்படுகின்ற நச்சு நீர்! அதனைக் கண்டறிந்து சொன்ன மருத்துவனுக்கு ஊரார் கூடிச் சூட்டிய பட்டம் 'மக்கள் பகைவன்' என்பது.

நார்வே நாட்டு நாடகப் பேராசான் ஹென்ரிக் இப்சன் 1882-ஆம் ஆண்டில் எழுதிய நாடகம் இது. அறுபத்தெட்டு ஆண்டுகள் கழித்து, 1950-ஆம் ஆண்டின் இறுதியில், அமெரிக்க நாடகாசிரியர் ஆர்தர் மில்லர் இதனைத் தம் நாட்டு மேடைக்கென மாற்றி எழுதி நியூயார்க்கில் அரங்கேற்றினார். மாற்றியது மொழியை மட்டுமன்று. ஐந்து அங்கங்களை மூன்றாகச் சுருக்கினார், வெட்டினார், ஒட்டினார், ஓரிடத்தில் நாடகத்தின் நாவையே அறுத்தார் என்றுகூடச் சொல்லலாம். எதை வெட்டினார், ஏன் வெட்டினார் என்று ஆராயப் புகுந்த நமக்கு, இரு நாடகங்களுக்கு இடையே உள்ள வேற்றுமையைவிட இரு நாடுகளுக்கு இடையே உள்ள வேற்றுமையே பெரிதாகத் தோன்றிற்று. அதனைத்தான் ஈண்டு எழுதுகின்றோம்.

'மேனாட்டார்' என்று ஒரே கூடையில் எல்லோரையும் போட்டு மூடிவிடுவது நம்மவர் பழக்கம். நார்வேயனும் அமெரிக்கனும் குளிர்நாட்டார், செல்வர், கிறித்துவ மரபினர். ஆகவே இருவரும் ஒருவரே என்று எண்ணிவிடுகின்றோம். கூடையைத் திறந்து பார்த்தாலன்றோ உள்ளே இருப்பது மாங்காயா தேங்காயா என்பது தெரியும்!

முதலில் கதை. சின்னஞ்சிறு கடற்கரை நகரம். அங்கே புதிதாக அமைந்த குளியல் நிலையத்தால் ஊருக்குப் பணம் கொழிக்கின்றது. நிலையத்தின் மருத்துவர் தாமஸ் ஸ்டாக்மன், நீரை ஆய்வுக்கு அனுப்பி, தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு அதில் கலந்து நஞ்சாகியிருப்பதைக் கண்டறிகின்றார். ஊரைக் காத்தேன் என்று உவகை கொள்கின்றார், பாவம்! அவருடைய அண்ணன் பீட்டரே நகரத் தலைவர்; நிலையத்தின் குழுவுக்கும் அவரே தலைவர். குழாய்களை மாற்ற வேண்டுமானால் பெரும் பணம் வேண்டும். நிலையத்தை இரண்டாண்டு மூடவேண்டும். செலவு ஊர்மக்கள் தலையில் விழும் என்று அண்ணன் எடுத்துரைத்ததுமே, நேற்றுவரை 'உண்மையை அச்சிடுவோம்' என்று தோள் தட்டிய ஏட்டாசிரியர் ஹாவ்ஸ்டட் பின்வாங்குகின்றார். அச்சக உரிமையாளர் அஸ்லாக்சன் இருக்கின்றாரே, அவரைப் போன்றோரை நாம் எத்தனை ஊர்களில் பார்த்திருக்கின்றோம்! வீட்டுச் சொந்தக்காரர் சங்கத்தின் தலைவர்; மதுவிலக்குக் கழகத்திலும் முன்னிற்பவர்; எதிலும் நிதானம் வேண்டும் என்பதே அவரது தாரக மந்திரம். நன்மை செய்வதிலும் நிதானம், நன்றி கூறுவதிலும் நிதானம், நியாயம் பேசுவதிலும் நிதானம்! பணம் போகும் என்றதும் மட்டும் நிதானம் பறந்துவிடுகின்றது.

மன்றம் கூடுகின்றது. நீரைப் பற்றிப் பேச மருத்துவருக்கு உரிமை மறுக்கப்படுகின்றது. வெகுண்ட மருத்துவர், நீரை விட்டு ஊரையே பேசுகின்றார். பெரும்பான்மை என்பதே உண்மையின் பெரும்பகை என்கின்றார். அதோடு நிற்கவில்லை. உயரினத்து நாய்க்கும் தெருநாய்க்கும் மூளையிலேயே வேறுபாடு உண்டன்றோ, மனிதரிலும் அவ்வாறே என்று உவமை காட்டுகின்றார். அங்கேதான் நாம் திடுக்கிடுகின்றோம்.

மில்லரும் திடுக்கிட்டார். யூதக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். இட்லரின் கொலைக்களங்கள் ஓய்ந்து ஐந்தாண்டுகளே ஆகியிருந்தன. குருதியின் பெயரால், குலத்தின் பெயரால் இலட்சம் இலட்சமாக மக்களைக் கொன்று குவித்ததைக் கண்ட தலைமுறையின் முன்னே, 'இனத்தில் உயர்வு' பேசும் ஒருவனை எங்ஙனம் வீரனாக நிறுத்துவது? எனவே அப்பகுதியை நீக்கினார். இப்சன் உயிரோடிருந்தால் இனவெறியரோடு நிற்கமாட்டார் என்று தம் முன்னுரையிலும் வாதிட்டார். பெரும்பான்மை என்றைக்கும் தவறே என்னும் இப்சனின் காரத்தைத் தணித்து, கருத்து மாறுபடும் சிறுபான்மைக்குப் பேச உரிமை வேண்டும் என்ற ஒற்றைக் கம்பத்தில் நாடகத்தைக் கட்டினார்.

காரணமும் இருந்தது. 1947-இல் திரைத்துறையினர் பத்துப் பேர், பொதுவுடைமைத் தொடர்பு பற்றி விடை கூற மறுத்து, அதற்காகப் பின்னர்த் தண்டனைக்குள்ளாயினர். 1950 பிப்ரவரியில் மெக்கார்த்தி என்னும் செனட்டர், அரசுத் துறையில் பொதுவுடைமையர் புகுந்துவிட்டனர் என்று கூச்சலைக் கிளப்பினார். அண்டை வீட்டானை அண்டை வீட்டான் காட்டிக்கொடுத்த காலம் அது. நாடகம் முப்பத்தாறு காட்சிகளோடு நின்றது. மில்லர் 1953-இல் வேறொரு நாடகம் எழுதி, 1692-ஆம் ஆண்டின் சேலம் நகரச் சூனியக்காரி வேட்டையைச் சாக்காக வைத்துத் தம் காலத்து வேட்டையைச் சாடினார். 1956-இல் அவரே விசாரணைக் குழுவின் முன் நிறுத்தப்பட்டார். பிறர் பெயரைச் சொல்ல மறுத்தார். 1957-இல் குற்றவாளி எனத் தீர்ப்பு. 1958-இல் மேல்முறையீட்டில் விடுதலை. ஸ்டாக்மன் வேடத்தை எழுதியவர், ஸ்டாக்மனாகவே நின்ற கதை இது. அந்த நெஞ்சுரத்தை நாம் வணங்குகின்றோம்.

ஆனால், நாடகத்தை வெட்டிய கையை வணங்க இயலவில்லை. ஏன் என்பதைச் சற்று விரித்துரைப்போம்.

பிறப்பால் உயர்வு தாழ்வு என்ற சொல்லைக் கேட்டாலே கொதிப்பவர் நாம். ஆகவே அந்த நாய் உவமையை முதன்முறை படித்தபோது, கல்லூரி விடுதியில், புத்தகத்தை மூடி வைத்துவிட்டோம் என்பதை மறைக்கவில்லை. மீண்டும் திறந்தபோதுதான் இப்சனின் கூர்மை புலப்பட்டது. அதே பேச்சில், கீழ்மை என்பது கீழ்த்தட்டு மக்களிடம் மட்டுமில்லை, மேல்தட்டிலும் உண்டு என்று கூறும் ஸ்டாக்மன், எடுத்துக்காட்டாக யாரைச் சுட்டுகின்றார்? தம் சொந்த அண்ணனை! ஒரே தாய் வயிற்றில் பிறந்தவனை! எங்கோ பொமரேனியாப் பக்கத்திலிருந்து வந்த பழைய கடற்கொள்ளைக்காரன் ஒருவனே தங்கள் இருவருக்கும் மூதாதை என்று குலப்பெருமையையும் போட்டு உடைக்கின்றார். குருதி ஒன்று, குணம் இரண்டு. அப்படியானால் இனம் எங்கே போயிற்று? பேசுபவன் சினத்தில் எடுத்த உவமையை, அவன் வாயாலேயே இடித்துத் தள்ள வைக்கின்றார் ஆசிரியர்.

இன்னும் கேளுங்கள். ஐந்தாம் அங்கத்தில் வீட்டுச் சாளரக் கண்ணாடிகள் கல்லெறியில் நொறுங்கிக் கிடக்கின்றன. வேலை போயிற்று, வீடு போயிற்று. அப்போது மருத்துவர் ஒரு பள்ளி தொடங்கத் துணிகின்றார். மாணவர்கள் யார்? தெருவில் திரியும் ஏழைச் சிறுவர்கள். எவர்களைத் தெருநாய் என்றாரோ, அவர்களையே அழைத்துவரச் சொல்கின்றார். அவர்களிடையே நல்ல மூளை உண்டு என்கின்றார்! இதுவன்றோ நாடகத்தின் திருப்பம்! அந்த இழிசொல் முன்னே இருந்தால்தான் இந்தக் கழுவாய்க்குப் பொருள் உண்டு. மில்லர் இழிசொல்லை நீக்கியபோது கழுவாயும் வெளிறிப் போயிற்று. குற்றமற்ற வீரன் ஒருவன் கிடைத்தான்; திருந்துகின்ற மனிதன் ஒருவன் தொலைந்தான்.

இங்கேதான் அமெரிக்க மனம் நமக்குப் புலப்படுகின்றது. மாந்தர் அனைவரும் நிகராகவே படைக்கப்பட்டனர் என்று 1776-இல் பறைசாற்றிய நாடு அது. பறைசாற்றியவர்களில் பலர் அடிமைகளை வைத்திருந்தனர் என்பதும், அடிமைமுறை 1865 வரை நீடித்தது என்பதும் வரலாறு. செயலில் பிளவு எவ்வளவு இருந்தாலும், மேடையில் அந்த அறிக்கைக்கு மாறாக வீரன் பேசக்கூடாது. வீரன் தூயவனாக இருக்கவேண்டும். தீயவன் தீயவனாக இருக்கவேண்டும். நார்வே நாட்டானோ, வீரனுக்கும் வேட்டி கிழியும் என்று காட்டுவதில் கூச்சப்படுவதில்லை. (வேட்டி என்றது நம் சொல். இப்சனின் மருத்துவருக்கு மன்றத்தின் நெரிசலில் கிழிந்தது கால்சட்டை.)

நார்வேயின் சிறுநகர வாழ்வு எத்தகையது? நம் வீரன் மூச்சுத் திணறியது அதில்தான். அக்ஸெல் சாண்டமோசா என்னும் எழுத்தாளர் 1933-இல் வெளியிட்ட புதினத்தில், யாந்தே என்னும் கற்பனை ஊரின் பத்துக் கட்டளைகளை வகுத்தார். நீ ஒரு பொருட்டு என்று எண்ணாதே, எங்களைவிட மேலானவன் என்று எண்ணாதே என்ற போக்கில் அமைந்தவை அவை. கேலியாக எழுதியது, ஸ்காண்டிநேவிய மக்களின் குணத்துக்கே பெயராகி, 'யாந்தே சட்டம்' என்று வழங்கலாயிற்று. அத்தகைய மண்ணில்தான் தனியொருவனின் வலிமையைப் பாடும் நாடகம் பிறந்தது. தனியாள் வெற்றியே வேதமென்று கொண்ட அமெரிக்க மண்ணிலோ, அதே நாடகம் சிறுபான்மையரின் கூட்டுரிமைக்கு முழக்கமாயிற்று. நல்ல எழுத்தாளன் தன் நாட்டின் புகழை எழுதுவதில்லை. அதன் நோயை எழுதுகின்றான். இப்சன் இருபத்தேழு ஆண்டுகள் இத்தாலியிலும் செர்மனியிலும் வாழ்ந்து, அங்கிருந்தே தம் நாட்டைச் சாடினார்.

இரு நாடுகளுக்கும் கப்பல் வழி உறவு உண்டு. 1825-இல் ஸ்டாவாங்கர் துறையிலிருந்து ஒரு சிறு பாய்மரக் கப்பலில் ஐம்பத்திரண்டு பேர் புறப்பட்டனர். அடுத்த நூறாண்டுகளில் ஏறத்தாழ எட்டு இலட்சம் நார்வேயர் அமெரிக்காவில் குடியேறினர். இப்சனின் 'ஆவிகள்' என்னும் நாடகத்தைத் தாயகத்து அரங்குகள் தீண்ட மறுத்தபோது, 1882-இல் அதனை உலகில் முதன்முதல் மேடையேற்றியது சிகாகோ. நடித்தவரும் பார்த்தவரும் குடியேறிய ஸ்காண்டிநேவியர். நம் ஸ்டாக்மனும் ஊரார் விரட்டியதும் அமெரிக்காவுக்கே கப்பலேற எண்ணுகின்றார். அங்கே பெரும்பான்மையின் கொடுமை இராது என்று அவர் நம்பவில்லை. அங்கேயும் உண்டு, ஆனால் எல்லாம் பெரிய அளவில் நடக்கும், கொன்றாலும் கொல்வார்களே தவிர, ஊசியால் குத்திக் குத்திச் சாகடிக்கமாட்டார்கள் என்பது அவர் கணக்கு. ஊசிக்கும் வாளுக்கும் உள்ள வேறுபாடு! 1882-இலேயே இரு நாடுகளையும் இப்படி நிறுத்துப் பார்த்திருக்கின்றார் இப்சன்.

மருத்துவரின் மகள் பெட்ரா ஓர் ஆசிரியை. நம் தொழிலைச் சேர்ந்தவள் என்பதால், அவள் மேல் நமக்கு ஒரு தனிப் பரிவு. பள்ளியில் நம்பாதவற்றைக் கற்பிக்க வேண்டியிருக்கின்றதே என்று நோகின்றாள். ஏட்டுக்காக ஓர் ஆங்கிலக் கதையை மொழிபெயர்த்துத் தரும்படி ஹாவ்ஸ்டட் கேட்க, மறுக்கின்றாள். நல்லவர்களை ஏதோ ஒரு மேலான சக்தி காக்கும், கெட்டவர்களைத் தண்டிக்கும் என்ற கதை அது; வாழ்க்கை அப்படி இல்லையே என்கின்றாள். ஏட்டாசிரியரின் விடையைப் பாருங்கள்: அவருக்கும் அதில் நம்பிக்கை இல்லையாம், அடிப்பக்கத்தில் இத்தகைய கதை இருந்தால்தான் மேற்பக்கத்து அரசியலை வாசகர் விழுங்குவராம்! பெட்ரா இறுதியில் வேலை இழக்கின்றாள்.

சமயத்திலும் இரு நாடுகளும் தலைகீழ். நார்வேயின் 1814 அரசியல் சட்டம் லுத்தரன் சபையை அரசின் சமயமாக்கிற்று. 2012-இல் திருத்தம் வந்து, 2017-இல்தான் சபை தனி அமைப்பாயிற்று. ஆயினும் கோயிலுக்கு வாரந்தோறும் செல்வோர் அங்கே மிகச் சிலர். அமெரிக்காவிலோ அரசுச் சமயம் கூடாதென்று 1791-லேயே சட்டம். ஆனால் 1956-இல் இறைவனை நம்புகிறோம் என்பதை நாட்டின் முழக்கமாக்கினர். இறைவன் பெயரைச் சொல்லாமல் குடியரசுத் தலைவர் உரையை முடிப்பது அரிது. வேலி போட்ட இடத்தில் பயிர் வாடிற்று. வேலியில்லா இடத்தில் செழித்தது!

சரி, பெரும்பான்மையைச் சபித்த ஸ்டாக்மனின் கட்சி நார்வேயில் வென்றதா? இல்லை, அவர் சபித்த பெரும்பான்மையே வென்றது. 1884-இல் அமைச்சரவை மன்றத்துக்குப் பொறுப்பாயிற்று. 1898-இல் ஆடவர்க்கும், 1913-இல் பெண்டிர்க்கும் பொது வாக்குரிமை வந்தது. (அமெரிக்கப் பெண்கள் நாடெங்கும் அதைப் பெற்றது 1920-இல்.) வாக்கு வீதப்படி இடங்கள் பங்கிடப்படுவதால், ஒரு கட்சி தனிப்பெரும்பான்மை பெறுவது அரிது, பேசிப் பேசித்தான் ஆளவேண்டும். அஸ்லாக்சனின் நிதானம் அரசியல் முறையாகவே ஆகிவிட்டது என்றாலும் தகும். ஆனால் அந்த நிதானம் விளைவித்த பயனை மறுக்க இயலுமா? 1993-ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். அவ்வாண்டு நார்வேயில், குழந்தை பிறந்தால் தந்தைக்கென்றே ஊதியத்தோடு கூடிய விடுப்பில் நான்கு வாரம் ஒதுக்கினர். அதே ஆண்டு அமெரிக்காவிலும் ஒரு சட்டம்: பன்னிரண்டு வாரம் விடுப்பு, ஊதியமின்றி, அதுவும் எல்லாத் தொழிலாளர்க்கும் இல்லை! கதவை அறைந்து வெளியேறிய நோராவைப் படைத்த நாட்டில், கணவனைத் தொட்டிலருகே உட்காரவைக்கச் சட்டமே வந்துவிட்டது.

1973-ஆம் ஆண்டு எண்ணெய் நெருக்கடியில் வார இறுதியில் கார் ஓட்டத் தடை விதித்தபோது, அரசர் ஐந்தாம் ஓலாவ் பனிச்சறுக்குக்கு மின்தொடர் வண்டியில் சென்று, சீட்டுக்குக் காசு நீட்டிய படத்தை நார்வேயர் இன்றும் போற்றுகின்றனர். முடியாட்சி உள்ள நாட்டில் மன்னன் மக்களோடு வண்டியேறுகின்றான். முடியை வீசியெறிந்த நாட்டில் செல்வனே மன்னனாகின்றான்.

நார்வேயை நாம் புகழ்ந்துகொண்டே போகிறோம் என்று எண்ணவேண்டா. இட்லருக்கு அஞ்சி மில்லர் வெட்டிய இடத்தில், நார்வேக்கே ஒரு கறை உண்டு. அதன் 1814 சட்டம் யூதர் நாட்டுக்குள் நுழையவே தடை விதித்தது. வெர்கலாண்ட் என்னும் கவிஞர் அதை நீக்கப் போராடினார். 1845-இல் அவர் மறைந்தார். 1851-இல்தான் தடை மறைந்தது. வடக்கே வாழும் சாமி மக்களின் கதை இன்னும் நெடியது. பள்ளியில் அவர்கள் மொழியை ஒடுக்கினர். நார்வே மொழி அறிந்தவனுக்கே பின்மார்க் மாவட்டத்தில் அரசு நிலம் விற்கப்படும் என்று 1902-இல் விதி செய்தனர். தாய்மொழி பேசியவனுக்குத் தாய்மண் இல்லை! அல்தா ஆற்றில் அணைகட்ட முற்பட்டபோது, 1979-இல் சாமி இளைஞர்கள் ஆஸ்லோவில் நாடாளுமன்றத்தின் முன் உண்ணாநோன்பிருந்தனர். அணை கட்டப்பட்டது, ஆயினும் 1989-இல் சாமி மன்றம் பிறந்தது, 1997-இல் மன்னர் ஹாரல்ட் மன்னிப்புக் கேட்டார். பெரும்பான்மை பற்றி ஸ்டாக்மன் சொன்னது இங்கே பொய்யா?

அமெரிக்காவில் நோய் வேறு. 2014 ஏப்ரலில் மிச்சிகன் மாநிலத்துப் பிளின்ட் நகரில், செலவைக் குறைக்கவென்று குடிநீரை ஆற்றிலிருந்து எடுக்கத் தொடங்கினர். குழாய் அரிக்காமலிருக்கச் சேர்க்கவேண்டிய மருந்தைச் சேர்க்கவில்லை. ஈயம் நீரில் கலந்தது. ஏறத்தாழ ஓர் இலட்சம் மக்கள், அவர்களில் பெரும்பாலோர் கறுப்பர், பலர் ஏழைகள். குழந்தைகளின் குருதியில் ஈயம் ஏறியிருப்பதை மோனா அன்னா அத்தீஷா என்னும் குழந்தை மருத்துவர் 2015 செப்டம்பரில் வெளியிட்டார். ஈராக்கியக் குடும்பத்தில் பிறந்த பெண்மணி. மாநில அதிகாரிகள் அவர் கணக்கைப் பழித்தனர். சில நாட்களிலேயே பணிந்தனர். இப்சன் எழுதிய கதையே என்று தோன்றும். ஆனால் உற்றுப் பாருங்கள்! பிளின்டில் தேர்ந்தெடுக்கப்பட்ட நகரவையின் அதிகாரம் பறிக்கப்பட்டு, ஆளுநர் அமர்த்திய மேலாளர் கையில் இருந்தது. அங்கே பெரும்பான்மை கொடுமைக்காரன் அன்று, கொடுமைக்கு ஆளானவன். இப்சனும் காணாத, மில்லரும் காணாத காட்சி இது. வாக்கில் குறைந்தவர் குடியரசுத் தலைவரான 2000, 2016 தேர்தல்களையும் இதனோடு சேர்த்து எண்ணுங்கள். அவ்வாறு வந்தவர் 2017-இல் தமக்கு ஒவ்வாத ஏடுகளுக்குச் சூட்டிய பெயர், அமெரிக்க மக்களின் பகைவர் என்பது! நாடகத்தின் தலைப்பே ஆளுவோர் வாய்க்குப் போய்விட்டது.

நார்வேயின் குளியல் நிலையம் இன்று எங்கே? வடகடலின் அடியில் என்போம். 1969-இல் அங்கே பெரும் எண்ணெய் வயல் கண்டனர். வந்த செல்வத்தைச் சிலர் சுருட்டவிடாமல், 1990-இல் சட்டஞ் செய்து, 1996 முதல் பொது நிதியில் சேர்த்தனர். இன்று உலகப் பங்குச் சந்தைகளின் பங்குகளில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்றரை அந்த ஐம்பத்தைந்து இலட்சம் மக்களுக்குச் சொந்தம். அமெரிக்காவில் இப்படி ஒன்று நாடு முழுமைக்கும் அமைய விட்டிருப்பார்களா என்பது ஐயமே. ஆனால் அந்த எண்ணெயும் எரிவளியும் எரிந்து உலகின் காற்றைக் கெடுக்கின்றனவே! 2024-இல் நார்வேயில் விற்ற புதுக் கார்களில் பத்துக்கு ஒன்பது மின்சாரக் கார்கள். உள்ளூரில் தூய காற்று, வெளியூருக்கு எண்ணெய்! நல்ல சூழலுக்கு உரிமை தரும் அரசியல் சட்டப் பிரிவைக் காட்டி அமைப்புகள் தொடுத்த வழக்கை உச்சநீதிமன்றம் 2020 டிசம்பரில் தள்ளிற்று. நிலையத்தை மூடினால் வருவாய் போகும் என்று பீட்டர் சொன்ன கணக்குக்கும், கிணறுகளை மூடினால் வருவாய் போகும் என்ற கணக்குக்கும் என்ன வேறுபாடு? பீட்டராவது ஊருக்கு அஞ்சினார்.

2024 மார்ச்சில் நியூயார்க் அரங்கொன்றில் இந்நாடகம் புதுவடிவில் நடந்துகொண்டிருந்தது. மன்றக் காட்சியில், பார்வையாளரிடையே இருந்த சிலர் எழுந்து காலநிலைக் கேட்டைப் பற்றி முழங்கினர். அதுவும் நாடகத்தின் ஒரு பகுதியே என்று பலர் எண்ணினராம். அவர்களை வெளியேற்ற முனைந்தபோது, ஸ்டாக்மனாக நடித்துக்கொண்டிருந்த ஜெரமி ஸ்ட்ராங், வேடம் கலையாமலே, அவர்களைப் பேசவிடும்படி கேட்டுக்கொண்டார்.